செம்பனை எண்ணெய்க்கு சண்டை விமானம்: இதெல்லாம் யாரு கணக்கு பாக்குறா?

பாலா_லாரி:
வணக்கம் ஆயர் தாவார் மக்களே. மாமாக் கடையில பேச்சு சூடா போச்சு, அத இங்கயும் போடுறேன். நம்ம மலேசியா விமானப்படைக்கு கொரியாக்காரன்கிட்ட எஃப்ஏ-50 சண்டை விமானம் 18 வாங்குறோம்ல, 2023 லங்காவி லீமா கண்காட்சியில கையெழுத்து போட்டாங்க, 920 மில்லியன் அமெரிக்க டாலர், நம்ம காசுக்கு 4 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). அதுல ஒரு பங்க செம்பனை எண்ணெயா கட்டலாம்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. இது ஒன்னும் புதுசு இல்ல. 1994ல ரஷ்யாவோட மிக்-29, 2003ல சுக்கோய் 18, போலந்துக்காரன் டாங்கி 48, எல்லாத்துலயும் எண்ணெய் கொஞ்சம் போயிருக்கு. சுக்கோய்க்கு சேத்து நம்ம ஆள் ஒருத்தர விண்வெளிக்கே ஏத்தி விட்டான் ரஷ்யாக்காரன், 2007ல டாக்டர் ஷேக் முஸாபர் போனாரே அதான்.

என் கேள்வி சிம்பிள். நான் எண்ணெய் மில்லுக்கு செம்பனைக் குலை ஏத்துறவன். வாசல்லயே எடை. உள்ள கொட்டுனதும் கிரேடர் வந்து ஒவ்வொன்னா பொரட்டி பச்சக் குலை எத்தன, அழுகுனது எத்தன, காம்பு நீளமா விட்டது எத்தனன்னு எழுதி டிக்கெட்ல காச வெட்டிருவான், நம்ம முன்னாடியே. ஒரு லாரி குலைக்கு இந்தப் பாடு. 4 பில்லியனுக்கு கிரேடர் யாரு லா?

சுட்டிக்கொசு:
கிரேடர் தான் நடுவுல கமிஷன் வாங்குற ஏஜென்ட் 😂😂

வெல்டர்_மணி:
கொசு சிரிக்காத, அதான் உண்மையே. நம்ம வீட்டுப் பக்கத்துலயே இருக்கு பாரு உதாரணம், லூமுட் கப்பல் பட்டறையில. பங்கோர் ஃபெர்ரியில போறவங்க தூரத்துல சாம்பல் கலர்ல கப்பலுங்க பாத்திருப்பீங்க. எல்சிஎஸ்னு சொல்ற கரையோரப் போர்க்கப்பல் 6, தெண்டர் இல்லாம நேரடி பேச்சுவார்த்தையில குடுத்தது, 9 பில்லியன் வெள்ளி. முதல் கப்பல் 2019ல கையில வந்திருக்கணும். 2022 ஆகஸ்ட்ல பிஏசி, அதான் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, அறிக்க வந்தப்ப 6 பில்லியன் கட்டியாச்சு, கப்பல் ஒன்னுகூட வரல. அப்புறம் 6 அஞ்சாச்சு, 9 பில்லியன் 11.22 பில்லியன் ஆச்சு. கொறஞ்ச கப்பலுக்கு கூட காசு, கணக்கு புரியுதா?

நான் வேற ஒரு சின்ன யார்டுல டக் போட்டும் பார்ஜும் ஒட்டுனவன், பேரு வேணாம். அங்க காசு எப்டி வரும்னா, கீல் வச்சா இவ்ளோ, ப்ளாக் ஏத்துனா இவ்ளோ, தண்ணியில இறக்குனா இவ்ளோன்னு கட்டம் கட்டமா. ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்வேயர் வருவாரு, கையில சுத்தியும் சாக்பீஸும். தட்டிக்கிட்டே போவாரு, சத்தம் சரியில்லன்னா அந்த வெல்ட வட்டம் போட்டு வச்சிருவாரு. வட்டம் போட்டத கிரைண்ட் பண்ணி திருப்பி ஒட்டி அவரு பாத்து அழிக்கிற வரைக்கும் தவுக்கே (முதலாளி) பில் அனுப்ப முடியாது. நாங்க அவர திட்டுவோம், ஆனா போட் முழுகல. இந்த எல்சிஎஸ் அறிக்கய படிச்சப்ப எனக்கு தோனுனது, சாக்பீஸ் பிடிக்க ஆளே இல்லாம எப்டி 6 பில்லியன் வரைக்கும் பில் போச்சு?

டீச்சரம்மா:
மணி, அந்த அறிக்கையில இன்னொன்னும் இருக்குப்பா. கடற்படை கேட்டது வேற டிசைன், சிக்மான்னு. வாங்குனது பிரான்ஸோட கோவிண்ட். கப்பல ஓட்டப் போறவங்க சொன்னத கேக்கல. கட்டுன பணத்துலருந்து 400 மில்லியன் வெள்ளிய எடுத்து முந்தின ரோந்துக் கப்பல் ப்ராஜெக்ட் கடன அடச்சிருக்காங்க. அந்த முந்தின ப்ராஜெக்ட் எதுன்னு இப்ப உள்ள பசங்களுக்கு தெரியாது. மொத்தம் 27 கப்பல் கட்டுறதா திட்டம், முதல்ல 6. தலைமை கணக்காய்வாளரோட 2006 அறிக்கையில வந்துச்சு: கம்பெனிக்கு குடுத்தது 4.26 பில்லியன், முடிச்ச வேலையோட மதிப்பு 2.87 பில்லியன். அதே லூமுட், அதே கத. அப்பவே எழுதி வச்சிட்டாங்க, 2011ல திருப்பி அங்கயே குடுத்தாங்க. அறிக்க வரலன்னு யாரும் சொல்ல முடியாது, அறிக்க வந்துச்சு.

பாலா_லாரி:
அப்ப அறிக்க எதுக்கு டீச்சர்? பேப்பர்ல போட்டு நாலு நாள் திட்டுறதுக்கா

நீலாம்பல்:
எல்லாருக்கும் வணக்கம், நான் இங்க பொறந்த பொண்ணு தான், இப்ப கேஎல்ல அனைத்துலக உறவு படிக்கிறேன். பாலா அங்கிள் கேட்ட கேள்வி உலகத்துல எல்லாருக்கும் உள்ள கேள்வி. விக்கிற பக்கம் எப்டி இருக்குன்னு கொஞ்சம் சொல்றேன், நீளமா போகும் மன்னிச்சிருங்க.

ஆயுதம் விக்கிறதுல அமெரிக்கா தான் பெரிய தவுக்கே. ஸ்டாக்ஹோம்ல உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தோட கணக்குப்படி 2020லருந்து 2024 வரைக்கும் உலக ஏற்றுமதியில 43 சதவீதம் அவங்க கையில, ரெண்டாவது பிரான்ஸ் 9.6, ரஷ்யா 7.8க்கு எறங்கிருச்சு, உக்ரேன் சண்டைக்கே அவங்க சாமான் பத்தல. அமெரிக்கா விக்கிறது ரெண்டு வழி. அரசாங்கத்துக்கு அரசாங்கம் விக்கிறது ஒன்னு, 2024 நிதியாண்டுல அது 117.9 பில்லியன் டாலர். கம்பெனி நேரா விக்கிறதுக்கு லைசென்ஸ் குடுக்குறது இன்னொன்னு, அதே வருசம் 200.8 பில்லியன். இது போக சும்மா குடுக்குற ராணுவ உதவி தனி: இஸ்ரேலுக்கு 2016 ஒப்பந்தப்படி வருசம் 3.8 பில்லியன், எகிப்துக்கு 1.3 பில்லியன். அந்தக் காசுல பெரும்பாலும் அமெரிக்க ஆயுதம் தான் வாங்கணும், அதனால காசு சுத்தி அங்கயே போயிரும்.

கண்காணிப்புக்கு 1976லயே சட்டம் போட்டாங்க. பெரிய ஆயுதம் 14 மில்லியன் டாலர தாண்டுனா காங்கிரஸுக்கு, அதான் அவங்க நாடாளுமன்றத்துக்கு, முன்கூட்டியே சொல்லணும், 30 நாள் டைம். நேட்டோ நாடுங்க, ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்துக்குன்னா வரம்பு 25 மில்லியன், 15 நாள் தான். பிடிக்கலன்னா காங்கிரஸ் தடுக்கலாம். கேக்க அழகா இருக்குல்ல? இது வரைக்கும் அப்டி தீர்மானம் போட்டு ஒரு விற்பனையகூட நிறுத்தினது கிடையாது.

சுட்டிக்கொசு:
ஒன்னு கூடவா??

நீலாம்பல்:
ஒன்னுகூட இல்ல அண்ணா. 1983ல அங்க உச்ச நீதிமன்றம் ஒரு வேற கேஸ்ல குடுத்த தீர்ப்பால காங்கிரஸ் தீர்மானத்துக்கும் அதிபர் கையெழுத்து வேணும்னு ஆயிருச்சு. விக்கிறவரே அதிபர், அவரே தடையில கையெழுத்து போடுவாரா? போடலன்னா மூனுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். 1986ல சவுதிக்கு ஏவுகணை விக்கிறத ரெண்டு சபையும் எதுத்துச்சு, அதிபர் ரேகன் வீட்டோ போட்டு ரத்து பண்ணாரு, செனட்ல ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்சாரு. 2019 மே மாசம் வெளியுறவு அமைச்சர் பொம்பியோ அவசர நிலைன்னு சொல்லி சவுதி, எமிரேட்ஸ், ஜோர்டானுக்கு 8.1 பில்லியன் டாலர் ஆயுதத்த காங்கிரஸ கேக்காமலே அனுப்ப விட்டாரு. எதுத்த தீர்மானத்துக்கெல்லாம் ட்ரம்ப் வீட்டோ.

அதவிட எனக்கு ஷாக் ஆன விசயம் வேற. அத விசாரிச்ச அவங்க வெளியுறவு அமைச்சோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் (உள் தணிக்கை அதிகாரி) 2020 அறிக்கையில, 2017 ஜனவரிலருந்து சவுதிக்கும் எமிரேட்ஸுக்கும் அந்த வரம்புக்கு கீழயே 4,221 ஏற்றுமதி அனுமதி போயிருக்குன்னு இருக்கு, மதிப்பு சுமார் 11.2 பில்லியன். ஒவ்வொன்னும் சின்னது, அதனால காங்கிரஸுக்கு சொல்ல வேண்டாம்.

வெல்டர்_மணி:
அடப்பாவி. நம்மூர்ல தெண்டர பிரிச்சு பிரிச்சு கொட்டேஷனா குடுக்குறானுங்களே அதே டெக்னிக்கு. இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போய் படிக்கணுமா, இங்க கேன்டீன் கான்ட்ராக் எடுக்குறவன கேட்டா சொல்லிருவான்.

தாமான்_ரமேஷ்:
எல்லாரும் பேசுறீங்க, நான் மாத்தி சொல்றேன் கோவப்படாதீங்க. ராணுவத்துல எல்லாத்தையும் தெண்டர் போட்டு பேப்பர்ல போட முடியுமா? நம்மகிட்ட எத்தன ஏவுகணை இருக்குன்னு தென் சீனக் கடல்ல சுத்துறவனுக்கு சொல்லணுமா? என் சின்ன மாமா ராணுவத்துல இருந்தவரு, கொஞ்சம் ரகசியம் வேணும்னு தான் அவரும் சொல்லுவாரு. அதோட கண்காணிப்பு கண்காணிப்புன்னு இழுத்தா சாமானே வராது, எம்டி530 ஹெலிகாப்டர் 6 தான், 2015ல ஆர்டர், 2022ல தான் வந்துச்சு.

டீச்சரம்மா:
ரமேஷ் தம்பி, அந்த ஹெலிகாப்டர் லேட்டானதுக்கு கண்காணிப்பு கூடிப்போனது காரணமா? அதையும் பிஏசி விசாரிச்சதே. எத்தன குண்டு இருக்குங்கிறது ரகசியமா இருக்கட்டும், யாரு கேட்டா. யாருக்கு எவ்ளோ கமிஷன்ங்கிறது எப்டி ராணுவ ரகசியம் ஆகும்? எதிரிக்கு அது தெரிஞ்சா என்ன ஆகும், அவனும் கமிஷன் கேப்பானா?

பாலா_லாரி:
டீச்சர் 🔥

நீலாம்பல்:
ரமேஷ் அண்ணா சொல்றதுல ஒன்னு யோசிக்கணும். அமெரிக்கா எதையும் தடுக்கலன்னு நானே சொன்னேன், ஆனா அங்க காங்கிரஸுக்கு அனுப்புற அறிவிப்பு வெப்சைட்டுல வரும், என்ன சாமான், சுமார் என்ன வில, யாரு கம்பெனின்னு. 2011ல மலேசியா சைட்வைண்டர் ஏவுகணை கேட்டதெல்லாம் அதுல பகிரங்கமா இருக்கு. அதாவது நம்ம அரசாங்கம் என்ன வாங்குதுன்னு நம்ம நாடாளுமன்றத்துக்கு முன்னாடி அவங்க நாடாளுமன்றத்துக்கு தெரியும். அதனால அமெரிக்கா ரகசியம் போயி முழுகிருச்சா என்ன? அந்த 14 மில்லியன் மாதிரி வரம்பையெல்லாம் உயர்த்தணும்னு 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் உத்தரவு போட்டுருக்காரு, உயர்த்துனா அந்த அறிவிப்பும் கொறையும்.

வெல்டர்_மணி:
வித்ததுக்கு அப்புறம் சாமான் எங்க போச்சுன்னு பாப்பாங்களா மா?

நீலாம்பல்:
பாக்கணும்னு விதி இருக்கு அங்கிள். அமெரிக்க சாமான வாங்குன நாடு, அவங்க சம்மதம் இல்லாம வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. உக்ரேனுக்கு போனதுல கண்டிப்பா எண்ணி வைக்க வேண்டிய ஆயுதம் சுமார் 1.69 பில்லியன் டாலருக்கு இருந்துச்சு, அதுல 1 பில்லியனுக்கு மேல உள்ளதுக்கு கணக்கெடுப்பு ஒழுங்கா முடியலன்னு பென்டகன் இன்ஸ்பெக்டர் ஜெனரலே 2024 ஜனவரியில சொன்னாரு. காணாம போச்சுன்னு சொல்லல, எண்ணலன்னு தான். ஆப்கானிஸ்தான்ல 2021ல விட்டுட்டு வந்தது 7.12 பில்லியன் டாலர் சாமான்.

கிராணி_அப்பா:
ஆப்கானிஸ்தான் எதுக்கு, சுங்கை பீசி விமானப்படைத் தளம் ஞாபகம் இல்லையா யாருக்கும்? நம்ம விமானப்படையோட எஃப்-5 ஜெட் எஞ்சின் ரெண்டு 2007ல காணாம போச்சு. மக்களுக்கு 2009 கடைசியில தான் தெரிஞ்சுது. தேடுனா உருகுவேயில இருக்கு. உருகுவே! ஒரு சார்ஜன் மேலயும் ஒரு வியாபாரி மேலயும் 2010ல கேஸ் போட்டாங்க. எங்க தோட்டத்துல ஸ்டோர்லருந்து ஒரு மண்வெட்டி போனா கூட என்கிட்ட கையெழுத்து வாங்காம போகாது, 31 வருசம் அந்த டேபிள்ல உக்காந்தவன் சொல்றேன்.

சுட்டிக்கொசு:
எஞ்சின் எப்டி கிராணி அங்கிள் கேட்ட தாண்டுச்சு, பாக்கெட்ல வச்சா 😭

டீச்சரம்மா:
நம்ம ஜனங்க மறக்கக் கூடாத ஒன்னு, இலங்க. 1996லருந்து கிஃபீர் விமானம் வந்தது இஸ்ரேல்லருந்து, மிக்-27 உக்ரேன்லருந்து. 2006ல மறுபடி வாங்குன மிக்-27 பேரத்துல ஊழல்னு அங்க உள்ள பத்திரிக்கையே எழுதுச்சு. அத எழுதுன பேப்பரோட ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரியில பட்டப்பகல்ல ரோட்டுல கொல்லப்பட்டாரு. அமெரிக்கா என்ன செஞ்சுச்சு? 2007 கடைசியில காங்கிரஸ் ராணுவ உதவிக்கு கட்டுப்பாடு போட்டுச்சு. லீஹின்னு ஒரு செனட்டர் கொண்டு வந்த சட்டமும் இருக்கு, மனித உரிமைய மோசமா மீறுன படைப்பிரிவுக்கு உதவி குடுக்கக் கூடாதுன்னு. ஆனா ஒரு கட நிறுத்துனா பக்கத்துக் கட தெறந்திருக்கு, பாகிஸ்தானும் சீனாவும் குடுத்தாங்க. அந்த 2009 மே மாசம் இங்க நாங்கெல்லாம் கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு உக்காந்திருந்தோம், குண்டு எந்த நாட்டு குண்டுன்னு கூட தெரியாது.

தாமான்_ரமேஷ்:
இது சரி டீச்சர். ஆனா அதான் என் பாயின்ட்டும். ஒருத்தன் மட்டும் யோக்கியமா இருந்தா பிரயோசனம் இல்ல. ஐநா ஆயுத வர்த்தக ஒப்பந்தம் 2013ல வந்துச்சே, மலேசியாவும் அந்த வருசமே கையெழுத்து போட்டுச்சு. அப்டியே விட்டாச்சு, நாடாளுமன்றத்துல ஏத்து சட்டமாக்கல.

பழைய_பந்து:
அந்த ஸ்கார்பீன் நீர்மூழ்கிக் கேஸ் என்னாச்சு? அந்த மங்கோலியப் பொண்ண

நெறியாளர்:
பழைய_பந்து, கவனமா எழுதுங்க. 2002 நீர்மூழ்கி ஒப்பந்தம், பிரான்ஸ்ல அத விசாரிச்சது, 2006ல அல்தான்துயா கொலையில ரெண்டு போலீஸ்காரங்களுக்கு தண்டனை ஆனது, இதெல்லாம் பேசலாம். அதுக்கு மேல யாரு சொன்னா யாரு செஞ்சான்னு ஊகம் எழுதுனா அழிப்பேன், ஏற்கனவே ரெண்டு அழிச்சாச்சு.

கிராணி_அப்பா:
தம்பிங்களா, உதவியும் ஆயுதமும் எப்டி பின்னிக்கிட்டு வரும்னு தெரியணும்னா பெர்காவ் அணைய படிங்க, கிளந்தான் ஜெலில இருக்கு. அப்ப எனக்கு நல்ல ஞாபகம், தோட்டத்து மானேஜர் வெள்ளக்கார பேப்பர் எடுப்பாரு, படிச்சிட்டு என்கிட்ட குடுப்பாரு.

1988 மார்ச்ல பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் இங்க வந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டாரு: மலேசியா வாங்குற ஆயுதத்தோட மதிப்புல 20 சதவீதத்துக்கு சமமா உதவின்னு. ஆயுதம் 1 பில்லியன் பவுனுக்கு மேல. அந்த செப்டம்பர்ல பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் அப்ப நம்ம பிரதமரா இருந்த மகாதீரும் ஆயுத ஒப்பந்தத்துல கையெழுத்து. கொஞ்ச நாள்ல அணைக்கு உதவிப் பணம் வருது, மொத்தம் 234 மில்லியன் பவுன். அவங்க உதவி இலாகாவோட பொருளாதார ஆளுங்களே கணக்கு போட்டு, இந்த அணை வேண்டாம், எரிவாயுல கரண்ட் எடுத்தா இதவிட எவ்ளோ மலிவுன்னு சொல்லிட்டாங்க. அந்த இலாகாவுக்கு தலைவரு டிம் லாங்கெஸ்டர், அரசாங்க அதிகாரி தான், அரசியல்வாதி இல்ல. அவரு 1991ல எழுத்து மூலமா மறுப்பு வச்சாரு: இந்த செலவுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது, அமைச்சர் எழுத்துல உத்தரவு குடுக்கட்டும்னு. அமைச்சர் குடுத்துட்டாரு, பணமும் போச்சு.

ஆனா அந்த ஒரு காகிதம் ஃபைல்ல தங்கிருச்சு. 1993ல அவங்க தணிக்கை அலுவலகம் அத புடிச்சுது, அப்புறம் நாடாளுமன்றக் கமிட்டிங்க, அப்புறம் ஒரு சங்கம் கோர்ட்டுக்கு போயி 1994 நவம்பர்ல தீர்ப்பு: அந்த உதவி சட்டவிரோதம். 2002ல புதுச் சட்டமே வந்துச்சு, உதவிப் பணம் வறுமைய கொறைக்கத் தான்னு. நடுவுல 1994 பிப்ரவரியில மகாதீர் கோவப்பட்டு பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசாங்க கான்ட்ராக் கிடையாதுன்னாரு, செப்டம்பர்ல எடுத்தாரு.

பாலா, நீங்க கேட்ட கிரேடர் அவரு தான். தடுக்க முடியல, ஆனா வேண்டாம்னு எழுதி வச்சிட்டாரு. நம்ம ஊர்ல எல்சிஎஸ் டிசைன் வேண்டாம்னு கடற்படை எழுதுனதும் இருந்துச்சு, அதனால தான் பிஏசிக்கு கையில ஏதோ கெடச்சுது. வாயால சொன்னது எல்லாம் காத்தோட போச்சு.

வெல்டர்_மணி:
கிராணி ஐயா, இத தனி இழையாவே போடலாம்.

நீலாம்பல்:
அங்கிள் இது எங்க லெக்சரர் கூட இவ்ளோ தெளிவா சொல்லல. இப்ப உதவி வேற ரூபத்துல வருது. அமெரிக்கா 12 ஸ்கேன்ஈகிள் ட்ரோன் சும்மா குடுத்துச்சு நம்ம கடற்படைக்கு. ஜப்பான் 2023ல புது ராணுவ உதவித் திட்டம் ஆரம்பிச்சு முதல் நாலு நாட்டுல மலேசியாவயும் சேத்துச்சு, 400 மில்லியன் யென், மீட்பு படகு மாதிரி சாமான். கொரியா, துருக்கி எல்லாம் கடன், தொழில்நுட்பம், உள்நாட்டு வேலன்னு சேத்து கட்டி விக்கிறாங்க. துருக்கிகிட்ட அங்கா ட்ரோன் 3, அப்புறம் 2024ல போர்க்கப்பல் 3 அரசாங்கத்துக்கு அரசாங்கம். ஏஜென்ட் இல்லாம வாங்குறது நல்லது தான், ஆனா தொழில்நுட்பம், உள்நாட்டு வேலன்னு சைடுல வர அந்த ஆஃப்செட்டோட மதிப்ப யாரு போடுறா, அது ஒழுங்கா வந்துச்சான்னு யாரு பாக்குறா, அது தான் இப்ப இருட்டு.

தாமான்_ரமேஷ்:
ஏஜென்ட் பத்தி 2025 ஆகஸ்ட்ல மாமன்னரே மெர்சிங்ல வெளிப்படையா பேசுனாரே. பழைய ப்ளாக் ஹாக் ஹெலிகாப்டர் வேண்டாம், பழைய ஸ்கைஹாக் சண்டை விமானம் வாங்குன தப்ப திருப்பி செய்யாதீங்கன்னு. 80கள்ல 88 ஸ்கைஹாக் வாங்கி 40 தான் சரி பண்ணி பறக்க விட்டோம். நான் ரகசியம் வேணும்னு சொன்னாலும் இத யாரும் நியாயப்படுத்த முடியாது லா.

பாலா_லாரி:
கிராணி ஐயா ஒரே ஒரு கேள்வி. தீர்ப்புக்கு அப்புறம் அந்த அணை காசு நின்னுருச்சா?

கிராணி_அப்பா:
நிக்கல தம்பி. ஒப்பந்தம் போட்டாச்சு, குடுத்து தான் ஆகணும்னாங்க. உதவிக் கணக்குலருந்து எடுக்கக் கூடாதுன்னு தானே கோர்ட்டு சொன்னுச்சு, அவங்க கருவூலத்துல வேற பையிலருந்து எடுத்து குடுத்தாங்க. அணையும் கட்டி முடிஞ்சுது, 600 மெகாவாட். அந்த ஆயுத ஒப்பந்தத்துல வந்த ஹாக் விமானம் 28.